அண்ணன் எழுதிய மொய்

ஞாயிறு மாலை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் புல்வெளியில் பெரியப்பா மகன் முருகண்ணனோடு உட்கார்ந்திருக்கிறேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் அவர் வெல்டர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி போன முதல் ஆள் நான். கட்டணம் கட்டியவர் அவர். என் சம்பளத்தில் சேர்த்த பணத்தை உறையில் போட்டு நீட்டுகிறேன்.

“உங்க கடன் இதோட தீர்ந்துதுண்ணே.”

“கடனா? நான் என்ன வட்டிக்கடையா வச்சிருக்கேன்? அது மொய் லா. என் வீட்டு விசேஷத்துல திருப்பி எழுது.”

“உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!”

“அப்பப் பொண்ணு பாரு.”

சிரித்துக்கொண்டே உறையை என் பைக்குள் திணிக்கிறார். என் படிப்பு முடியட்டும் என்றுதான் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு, அண்ணனுக்குப் பெண் தேடச் சொல்கிறேன்.