கொய்யாக் கம்பும் கரித் தணலும்

கரித் தணலுக்கு மேலே கொய்யாக் கம்பு சூடேறும்போது லேசாக ஒரு இனிப்பு வாசம் வரும். கல்யாணமான புதிது என்றாலே எனக்கு அந்த வாசம்தான்...

வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அந்த வருஷப் பொங்கல் விளையாட்டில் புதிதாக வில் போட்டி வைத்தார்கள். வில்லை நாமே செய்துகொண்டு போக வேண்டும். பெண்களில் நான் மட்டும் பெயர் கொடுத்தேன். புது மருமகள் வில் பிடிக்கப் போகிறாளாம் என்று லயத்து வீடுகள் முழுக்க ஒரே கேலி.

என் வீட்டுக்காரருக்கு ஃபெக்டரியில் தேயிலை காயவைக்கும் ட்ரையரில் வேலை. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். "சாப்பிட்டியா", "போயிட்டு வாறேன்"... எங்கள் பேச்சு அவ்வளவுதான். ஆனாலும் காய்ந்த கொய்யாக் கம்பு ஒன்றை அவராகவே எனக்காகச் செதுக்க ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்துப் பனியில் மரம் ஈரம் இழுத்து, வில் தொய்ந்துபோகும். அதற்காக, வில் பிடிப்பவரைப் பார்த்திருக்கும் பக்கத்தை மட்டும் தணலுக்கு ஒரு சாண் மேலே காட்டி, பால் ஊற்றாத சாயத்தண்ணி நிறம் வரும்வரை சுட வேண்டும். கருகினால் போச்சு. ஃபோனில் ஒரு சிங்கள வீடியோ பார்த்து, அதை அழகாகவே செய்தார்.

அதற்கப்புறம் செய்ததுதான் வேடிக்கை... ஆறியதும் ஆறாததுமாக, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பையில் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். காய்ந்த தேயிலையைக் காற்றுப் படாமல் கட்டிக் கட்டிப் பழகின கை.

மறுநாள் நாண் பூட்டி இழுத்தேன். டக்கென்று நடுவில் முறிந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஃபோனை வாங்கி அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தேன்.

"ஏங்க, சுட்ட கம்ப நாலஞ்சு நாள் சும்மா வெளிய வைக்கச் சொல்றாருங்க. ஈரத்த கொஞ்சம் திரும்பக் குடிக்கணுமாம். இல்லாட்டி ஒடஞ்சிருமாம்."

"நானும் கேட்டேன் புள்ள. பாவம், வீடியோக்காரரு காயவைக்கத் தெரியாத ஆளு போலன்னு நெனச்சிட்டேன்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

இன்னொரு கம்பு செதுக்கினார். நான் தணலை விசிறினேன். சுட்டதை வாசலில் தொங்கவிட்டு, படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மரம் ஈரம் குடிக்கிறதைப் பார்க்க என்ன இருக்கிறது... பேசினோம். அவருக்கு இருட்டென்றால் பயம் என்பதுகூட அப்போதுதான் தெரிந்தது.

போட்டியில் வில் முறியவில்லை. அம்பு பலகையின் ஓரத்தில் குத்தி நின்றது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கேலி செய்தவர்களே கைதட்டினார்கள். எனக்கு அது போதும்.

இப்போது தலவாக்கலை டவுனில் இருக்கிறோம். போன மாதம் மகளுக்கு ஒன்லைனில் ஃபைபர் வில் வாங்கினோம். மழையோ பனியோ அதை ஒன்றும் செய்யாது. பெட்டியைப் பிரித்த கையோடு அம்பு விட்டாள். நல்ல வில்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுக்குத்தான் அப்போது நாலைந்து நாள் சும்மா உட்கார வேண்டியிருந்தது. கல்யாண ஆல்பத்தில் வேறு தேதி இருக்கலாம்... என்னைக் கேட்டால், நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டது அந்தப் படியில்தான்.