மானத்தை வாங்காதீங்க

வடகரப்பதிப் பக்கம் ஒரே காம்பவுண்டில் இரண்டு கல்யாண மண்டபங்கள். தாலி கட்டி நிமிர்ந்த மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான், தவறான மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. மெல்ல நழுவினேன்.

வாசலில் ஒருவர் நின்றிருந்தார். ஒல்லியான ஆள், வியர்வையில் கரைந்த சந்தனப் பொட்டு, தோளில் பச்சைக் கரைத் துண்டு. வெளியே போகிற ஒவ்வொருவரின் மணிக்கட்டையும் பிடித்து, "கை நனைச்சீங்களா, சாப்பாடு ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

என் கையையும் பிடித்தார். இல்லை என்று தலையாட்டினேன்.

"ஏனுங்க, கை நனைக்காம போயி எங்க மானத்த வாங்கறீங்க?"

ஏலப்பாறையில், எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீடுகளில், மானத்தை வாங்காதே என்று ஒருவர் சொன்னால் சண்டை தொடங்கிவிட்டது என்று பொருள். இவரோ அதைப் பாயசத்துக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"அண்ணே, நான் பக்கத்து மண்டபத்துக்கு வந்தவன். தெரியாம நுழைஞ்சிட்டேன்."

"மண்டபம் மாறுனா மானம் போயிருங்களா? பசியோட அனுப்புனாத்தானுங்க போகும்."

இழுத்துப் போய்ப் பந்தியில் உட்காரவைத்தார். இரண்டாவது முறையும் பாயசம் ஊற்றச் சொன்னார். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டேன்.

குனிந்து என் காதருகே சொன்னார்: "நானும் பக்கத்து மண்டபந்தானுங்க. காத்தால தெரியாம வந்து இட்லி தின்னு போட்டனுங்க. ஒரு வேலையும் செய்யாம போனா மானக்கேடுங்க."

சொல்லிவிட்டு அடுத்தவரின் மணிக்கட்டைப் பிடிக்க ஓடினார்.

கை கழுவியதும் நேராக வெளியே போக எனக்கு மனம் வரவில்லை. மூலையில் இருந்த தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்குள் நுழைந்தேன்.