இருவராக இறங்கிய நாள்

மூன்று வருடங்களுக்கு முன், பசிபிக் தீவுகளுக்குப் போன ஒரு மருத்துவக் கப்பலில் தொண்டராகச் சேர்ந்து தாதி வேலை செய்தேன். டென்மார்க்கில், நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் நகரில், பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். கணவரும் நானும் மாறி மாறி ஷிப்டுக்குப் போகும் வீட்டில் இருப்பதைவிட இது மேல் என்றுதான் புறப்பட்டேன். கப்பல் இன்னும் மோசம். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் சாப்பாட்டு மேசையில் அவரவருக்கு ஒரு கூட்டம் இருந்தது, எனக்கு இல்லை.

ஓயாத வேலைக்குப் பிறகு ஒரு நாள் கரைக்குப் போக விடுமுறை கிடைத்தது. இருவராகப் போய் இருவராகத் திரும்ப வேண்டும் என்பது கப்பலின் விதி. என்னோடு சேர யாரும் இல்லை. கைப்பையோடு, கரைக்குப் போகும் படகுக்கு இறங்கும் படியருகே நின்றபோது, விளையாட்டுக்கு யாரும் எடுக்காத பிள்ளை மாதிரி இருந்தது. கடைசியில் கப்பலின் மின்சார வேலைக்காரர், ஒரு டெனிஷ்காரர், வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கும் ஆள் இல்லை. அருகில் இருந்து சாப்பிட்டும் ஒரு வார்த்தை பேசாத மனிதர். கரையில் கால் வைத்ததும், "நாலு மணிக்குப் படகடியில நிப்பன்" என்று டெனிஷில் சொல்லிவிட்டு ஒரு பக்கம் போனார். நான் மறுபக்கம் போனேன்.

கடைத்தெருவில் சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"என்னப்பா, இஞ்ச இப்ப சாமம். விடிய வேலை இருக்கு. பிறகு கதைப்பம்" என்றார் கணவர்.

நேர வித்தியாசத்தை மறந்தது நான்தான். இருந்தாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு தேவாலயத்து மர வாங்கில் உட்கார்ந்து ஆசை தீர அழுதேன். முதல் நாள் இரவு வேலை வேறு. அப்படியே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. விழுந்தடித்து ஓடினேன். படகு தூரத்தில் கப்பலை நெருங்கிக்கொண்டிருந்தது. பொழுதுபட்டால் கப்பல் அடுத்த தீவுக்குப் போய்விடும். அப்போதுதான் இறங்குதுறையின் நுனியில் அந்த மனிதர் குந்தியிருப்பதைக் கண்டேன்.

"நீங்கள் ஏன் போகேல்லை?"

"ரெண்டு பேராத்தானே வந்தனாங்கள்" என்றார். மற்றவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்படி படகோட்டியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். பிறகு முகம் சிவக்க, "தெரு முழுக்கத் தேடினனான். கூப்பிடத்தான் உங்கட பேர் தெரியேல்லை" என்றார்.

எனக்கும் அவர் பெயர் தெரியாது. வெட்கமாகிவிட்டது. அங்கேயே கேட்டேன்.

படகோட்டி முணுமுணுத்தபடி படகைத் திருப்பிக்கொண்டு வந்தார். கப்பலில் ஏறியதும், தாமதத்துக்காக எங்கள் இருவருக்கும் அடுத்த விடுமுறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "நல்லது, இனி ஆள் தேடத் தேவையில்லை" என்றார் அவர். அந்தக் கப்பலில் நான் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

ஊர் திரும்பிய பிறகும் தனிமை ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. ரயிலில் பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருகிறார். முன்பு அது மனதைக் குத்தும். இப்போது, இவரும் எனக்காகப் படகை விட்டுவிட்டு நிற்கக்கூடிய ஆளாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, நானும் பேசாமல் பக்கத்தில் இருக்கிறேன்.