பாலத்துக்கு ஒரு தலை

அங்கம்மா கங்கையைப் பார்த்ததில்லை. ஆனாலும் மத்தியானத்தில் மீன்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தால் போதும், கங்கை வந்துவிடும். அக்கரை தெரியாத தண்ணீர். அதன்மேல் பாதி கட்டிய பாலம் ஒன்று, சத்தமே இல்லாமல், ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துத் தானாக நடந்துகொண்டிருக்கும். கனவில் அது பயமாக இருக்காது, அழகாகத்தான் இருக்கும். விழித்த பிறகுதான் பயம் வரும். அந்தப் பாலத்துக்கு அடியில் அவள் புருஷன் குமாரவேல் இருந்தான்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் குமாரவேலைப்போல முங்குகிறவன் கிடையாது என்றால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். அந்த நாலு பேரும் வலை கடலடியில் சிக்கிக்கொண்டால் அவனைத்தான் தேடி ஓடுவார்கள். துறைமுகத்தில் நங்கூரம் அறுந்து விழுந்தால் அவனுக்கும் ராயபுரத்து ஜார்ஜுக்கும் ஆள் வரும். இருவரும் ஜோடி. ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவான், மற்றவன் மேலே கயிற்றைப் பிடித்திருப்பான். அடுத்த முறை மாற்றிக்கொள்வார்கள். ஜார்ஜ் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், குமாரவேல் அம்மன் கோயில் கூழுக்கு முதல் வரிசையில் நிற்கிறவன். தண்ணீருக்குள் அதெல்லாம் செல்லுபடியாகாது. கயிறு பிடிக்கிறவன் கண் அசந்தால் இரண்டு சாமியும் சேர்ந்து வந்தாலும் ஒன்றும் நடக்காது.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகப்போகிற சமயம் அது. பீகாரில் கங்கைக்குக் குறுக்கே பெரிய பாலம் கட்டுகிறார்கள், ஆற்றுக்குள் கிணறு கிணறாக உறை இறக்கித் தூண் எழுப்புகிறார்கள், அடியில் மரமோ பாறையோ தடுத்தால் முங்கிப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒரு மேஸ்திரி துறைமுகத்துக்கு வந்தார். இருவரையும் பிடித்துக்கொண்டார். குமாரவேல் வீட்டுக்கு வந்தபோது அவன் கண்ணில் ஒரு மினுக்கம் இருந்தது.

"ஆத்துக்கு அந்தாண்ட பாதி தேசம் கீதாம் மே. ரயில் பொட்டிய தெப்பத்துல ஏத்தி, அக்கரையில எறக்கி, மறுபடி கோக்கறானுங்களாம். வெள்ளம் வந்தா அதுவும் கெடையாது. இந்தாண்ட நெல்லு மூட்டை புழுங்கிகினு கீது, அந்தாண்ட பஞ்சத்துல சாவறான். பாலம் வந்தா எல்லாம் ஒரே தேசமாம். மேஸ்திரி சொல்லிகிறாரு."

"ஒரே தேசமானா நமக்கு இன்னாய்யா? நீ இங்க கீறதே போதும்."

"போடி பைத்தியம்" என்று சிரித்தான். ஆசை வந்த ஆம்பளையிடம் பேசிப் பிரயோசனமில்லை. சென்ட்ரலில் கல்கத்தா மெயில் ஏற்றிவிடப் போனபோதுதான் அங்கம்மா ஜார்ஜின் பெண்சாதி பிலோமியைப் பார்த்தாள். ஒல்லியான, பேச்சு குறைந்த பெண். வண்டி மறைந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

அவர்கள் போன கையோடு ஊர் வாய் திறந்துகொண்டது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? பக்கத்து வீட்டு முத்தம்மா கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

"பெரிய பாலம்னா தல கேக்கும் அங்கம்மா. ஓடற ஆத்த நிறுத்தி கால் ஊனறானுங்கோ, ஆறு சும்மா வுடுமா? ஒரு தல குடுத்தாத்தான் தூணு நிக்கும். எங்க ஆயா காலத்துலேர்ந்து அப்டித்தான்."

இதைச் சிரித்துத் தள்ளுவதற்கு எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கோ பாலம் கட்டுகிறார்கள் என்று காதில் விழுந்தாலே புளியந்தோப்பிலிருந்து எண்ணூர் வரை தாய்மார்கள் பிள்ளைகளை வெளியே விடாத காலம் அது. கோணியோடு போகிற கந்தல்காரனைப் பிள்ளைபிடிக்காரன் என்று அடித்து விரட்டியவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அங்கம்மாவின் புருஷன் அந்த ஆற்றின் அடிவயிற்றிலேயே கிடந்தான். யார் தலை முதலில் கைக்கு அகப்படும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தலைக்குப் பதில் பூசணிக்காய் உடைப்பது நம் ஜனங்களுக்குப் புதிதில்லை. ஆனால் கங்கைப் பாலத்தில் போய் உடைக்க முடியுமா? எண்ணூரில் கடல்நீர் ஏறுகிற கழியின்மேல் ரயில் பாலம் இருந்தது. குமாரவேல் ஏறிப்போன வண்டி அதன்மேல்தான் போயிற்று. அதே தண்டவாளம்தான் அங்கேயும் போகிறது. இங்கே சொன்னால் அங்கே கேட்கும் என்று அவளுக்குப் பட்டது.

அமாவாசை தோறும் விடியலில் ஒரு பூசணிக்காயை நடுவே குடைந்து குங்குமம் அடைத்து எடுத்துப்போவாள். கழியில் பனி மிதக்கும். இறால் பிடிக்கிற பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் பேச்சில்லாமல் நகர்வார்கள். பாலம் பாதி தெரியும், பாதி தெரியாது. கனவு எது நிஜம் எது என்று தடுமாறுகிற அந்த வேளையில், முதல் தூணின் காலடியில் காயை உடைத்து, குரலை அடக்கிக்கொண்டு கேட்பாள்:

"என் புருஷன் தல வேணாம் தாயே. தல தான் ஓணும்னா அங்க எத்தினியோ பேரு கீறானுங்களே. வேற ஒருத்தன எடுத்துக்கோ."

ஒருநாள் பாலத்தைச் சோதித்துக் காவல் பார்க்கிற ரயில்வே ஆள் மண்ணாங்கட்டி அவளைப் பிடித்துவிட்டான்.

"ஏ மே, சர்க்கார் பாலத்துல இன்னா பண்ணிகினு கீற?"

அவள் பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மண்ணாங்கட்டி சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகளெல்லாம் செத்துப்போய், எமனும் சீந்தாத பேராகப் பார்த்து வைக்கப்பட்டவன் அவன். எமனை ஏமாற்றிய அந்தப் பேரால்தான் உயிரோடு நிற்கிறான்.

"தண்டவாளத்துல படாம ஒடச்சிட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

ஒரு கோடை போய் மழை வந்து, மறுபடியும் வெயில் ஏறிய ஒரு பகலில் குமாரவேல் வாசலில் நின்றான். இளைத்துக் கறுத்திருந்தான். அங்கம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முகத்தைத் தடவினாள், காதைப் பிடித்துப் பார்த்தாள், தலை கழுத்தின்மேல்தான் இருக்கிறதா என்று கையால் பார்க்கிறவள்போல. அந்த ஒரு நிமிஷம் அவளைவிடச் சந்தோஷமான பெண்பிள்ளை மெட்ராஸில் இருந்திருக்கமாட்டாள்.

"ஜார்ஜ் போயிட்டான்" என்றான் குமாரவேல்.

அன்றைக்கு இறங்க வேண்டிய முறை குமாரவேலுடையது. அவனுக்குக் குளிர்க்காய்ச்சல். ஜார்ஜ், "நீ படுடா, நான் போய்ட்டு வரேன்" என்று இறங்கினான். தூணுக்கு இறக்கிய கிணற்றின் அடியில் மணல் சரிந்து அவனை மூடியது. கயிற்றைப் பிடித்திருந்தவன் ஊர் தெரியாத எவனோ.

"என் மொற மே அது" என்றான் குமாரவேல். அதற்குப் பிறகு பாலத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

அங்கம்மா வேறு தலை கேட்டாள், கிடைத்தது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? ராயபுரத்துக்குச் சேதி தந்தி வழியாக முன்பே போயிருந்தது. குமாரவேல் மட்டும் ஒருமுறை போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்தான். அங்கம்மா போகவேயில்லை. மீன் விற்கப் பாரிமுனைக்குப் போகிறவள்கூட ராயபுரம் வழியை விட்டு, வெயிலில் சுற்றிக்கொண்டு போனாள். பிலோமி முகத்தைப் பார்த்தால் தன் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று பயந்தாள். மத்தியானத் தூக்கமும் நின்றுபோயிற்று.

பாலம் முடிந்தது. ஒரு கத்திரி வெயில் நாளில் திறந்தார்கள். தேரடி டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். முதல் வண்டி கங்கையைத் தாண்டியது, வடக்கு இனி தனித்து நிற்காது, நாடு ஒன்றாகிவிட்டது என்று ரேடியோ சொன்னது. யாரோ கற்கண்டு கொடுத்தார்கள். அங்கம்மா அதைக் கையில் வாங்கினாளே தவிர வாயில் போடவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் வாசல் நிழலில் பிலோமி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் இல்லியாக்கா?"

"கடலுக்குப் போய்க்கீது."

"இன்னிக்கு அதுல ரயிலு போவுதாம். அது எப்டி கீதுன்னு அண்ணன் வாயால கேக்கலாம்னு வந்தேன். எல்லாரும் இஸ்கூல் புள்ளைங்களாட்டம் சந்தோசப்படறாங்கோ. எனக்கும் கொஞ்சம் சந்தோசமாத்தான் கீது. அவரு செஞ்ச வேலை தானேக்கா."

அங்கம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பிலோமி எதிரில் பொத்தென்று உட்கார்ந்தாள். பூசணிக்காய், எண்ணூர்த் தூண், தான் வேண்டிக்கொண்டது, ஒன்று விடாமல் சொன்னாள்.

"நான்தான் கேட்டேன் பிலோமி. வேற ஒருத்தன எடுத்துக்கோன்னு வாய் தொறந்து கேட்டேன். என்ன செருப்பால அடி."

பிலோமி கடல் பக்கம் திரும்பினாள். கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறிக்கொண்டிருந்தன.

"நான் ராயப்பர் கோயில்ல தெனம் ரெண்டு மெழுவத்தி ஏத்துவேன்க்கா" என்றாள். "ஒண்ணு அவருக்கு, ஒண்ணு அண்ணனுக்கு. ஒண்ணாவது பலிச்சிதேன்னு நெனச்சிகினு கீறேன்."