டைனமோவில் ஆணான பாடகி

நேற்று கிளிநொச்சியில் முடி வெட்டப் போனேன். கடையில் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டுப் போனது. பாடியவள் ஒரு பெண். ஆனால் இதில் கணினித் தாளம் கட்டி, அவள் குரலை ஆண் குரலாகவே தாழ்த்தி விட்டிருந்தார்கள். "புதுசண்ணை. கொம்பியூட்டரில செய்தது," என்றார் கடைக்காரர், காதருகே கத்தியோடு. சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புதுசாம்! நாங்கள் கண்டாவளையில் கணினியும் கரண்டும் இல்லாத காலத்திலேயே இதைச் செய்து முடித்தவர்கள்.

சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோ வயரைக் கசெற் ரேடியோவில் கொழுவினால் இதே பாட்டு வரும். மிதிப்பது நான். டயர் சூடேறி மணக்கும். கால் ஓய்ந்தால் பாட்டும் இழுபடும், குரலும் தடிக்கும். பக்கத்தில் என் கூட்டாளி ரஞ்சன் பாட்டு வரிகளை எழுதக் கொப்பியோடு குந்தியிருப்பான்.

"விடாதை மச்சான், மிதி! ஆள் இப்பதான் உருகிறார்."

ஆளாவது, உருகுவதாவது! என் கால் வலுவுக்கு அந்தப் பாடகி ஆம்பிளையாகிவிட்டிருந்தாள். அது எங்கள் இருவருக்கும் தெரியாது. ரஞ்சனுக்கோ அவசரம். சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்த மலருக்குக் கொழும்பில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கதை. அதற்கு முன் இந்தப் பாட்டைப் பாடி மனதைச் சொல்லிவிட வேண்டும்.

பாடினான். நல்ல குரல், பொய் சொல்லக்கூடாது. மலர் முழுக்கக் கேட்டாள்.

"இது புருசன் விட்டிட்டுப் போட்டான் எண்டு ஒரு பொம்பிளை அழுற பாட்டு. நீங்கள் என்னைக் கேக்க வந்தனீங்களோ, விட்டிட்டுப் போக வந்தனீங்களோ?"

"கேக்கத்தான்."

"அப்ப கேளுங்கோவன்!"

கேட்டான். கலியாணமும் நடந்தது. அந்தப் பெருமையில் பாதி என் காலுக்கு உரியது என்று இன்றைக்கும் சொல்வேன்.

போரின் கடைசி இடப்பெயர்வில் செட்டிகுளம் முகாமுக்கு மலர் வந்து சேர்ந்தாள். ரஞ்சன் வரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மலர் இப்போது வவுனியாவில் இருக்கிறாள். கடையிலிருந்தே அந்தப் பாட்டைக் கைபேசியில் அவளுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"அவரின்ரை குரல் மாதிரியே கிடக்கு. அவர் பாடினது ஒண்டும் உங்களிட்டை இல்லையோ?"

அந்த ரேடியோவில் பதிவு செய்ய ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. ஊரார் பாட்டெல்லாம் பிடித்தோம். பக்கத்தில் குந்தியிருந்து பாடியவனை ஒருநாளும் பிடிக்கத் தோன்றவில்லை.

"இல்லை" என்று எழுதி அனுப்பினேன்.