சூடு ஆறாத லத்தி

ரோசம்மாளின் வலது கை பிளேடைப் பிடித்திருந்தது. துணி சுற்றிய இடது கை, அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த லத்தியைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தது. அச்சின் இரண்டு பாதியும் சேரும் கோட்டில் ரப்பர் மெல்லிய பிசிறாகப் பிதுங்கியிருக்கும். லத்தியில் கீறல் விழாமல் அதைச் சீவி எடுக்க வேண்டும். சீவி முடித்ததும் கட்டைவிரல் நகம் ஒருமுறை அழுத்திப் பார்த்தது. பள்ளம் விழுந்தது. சூடு இருக்கும்வரை எந்த ரப்பரும் அப்படித்தான். ஆறினால் இறுகிவிடும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் துளசிராமனின் ரப்பர் பட்டறையில், லாரிக்கு புஷ்ஷும் பம்புக்கு வாஷரும் அடித்தே ரோசம்மாளுக்குத் தலை நரைத்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஆரணிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கம்பெனிகள் வந்ததும் அவள் சேற்றிலிருந்து நேராக, அச்சில் ரப்பரை அழுத்தி வேகவைக்கும் பிரஸ்ஸுக்கு வந்தாள். வளையல் போடும் இடமெல்லாம் பிரஸ் தட்டு சுட்ட தழும்பு. கல்யாணம் கூடிவந்த வருஷத்தில், அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் செத்துப்போனாள். தம்பி பென்னி சின்னப் பையன், அவனைக் கூட வைத்துக்கொள்ள மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. கல்யாணம் நின்றது. பிறகு யாரும் வந்து கேட்கவில்லை.

வளர்ந்து பென்னி இரும்பு ஆலையில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். அங்கே ஒரு செம்புக் கம்பிச் சுருள் காணாமல் போனபோது போலீஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. திரும்பி வந்தவன் உள்ளங்கால் தரையில் படாமல், பாதத்தின் ஓரத்தில் நடந்து வந்தான். கீழே விழுந்துவிட்டதாகச் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குடித்துவிட்டு விழுந்தான் என்று தெரு அதில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டது. சுருளை எடுத்தது சூப்பர்வைசரின் மச்சான் என்பது பின்னால் தெரிந்தது. அதற்காக யாரும் பென்னியிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உலை முன்னால் நிற்கக் கால் தாங்காமல் வேலையும் போயிற்று.

இந்த வருஷம், மூடிக்கிடந்த வேறொரு ஆலையில் சினிமாக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷன் செட் போட்டார்கள். லாக்கப்பில் ஒருவனை அடித்தே கொல்லும் இன்ஸ்பெக்டரின் கதை. இன்ஸ்பெக்டராக நடிக்க வந்த ஹீரோ அதுவரை பறந்து பறந்து உதைத்துவிட்டு, விழுந்தவனிடம் ஜோக் சொல்கிற படங்களில் பெயர் வாங்கியவர். பென்னி அவருடைய ரசிகன். ஹெல்மெட்டில் அவர் படத்தை ஒட்டி வைத்திருந்தான்.

அடி வாங்க உள்ளூர் ஆள் தேடினார்கள். வரிசையாக நிற்கவைத்து டைரக்டர் ஒவ்வொருவரிடமும் கையை ஓங்கிப் பார்த்தார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். பென்னி கால் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டான்.

"இவன்தான்" என்றார் டைரக்டர்.

ரப்பர் லத்தி செய்கிற வேலை துளசிராமனுக்கு வந்தது. அவர் அதை ரோசம்மாளிடம் கொடுத்தார். முதல் லத்தியை மெத்தென்று செய்து அனுப்பினாள். ஹீரோவுக்கோ பழைய படங்களின் பழக்கம், ரப்பர்தானே என்று முழுக் கையையும் வீசுவார். லத்தி புடலங்காய் போல வளைந்தது. செட்டே சிரித்தது. தரையில் கிடந்த பென்னியும் சிரித்துவிட்டான். ஹீரோ மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்ததை வளையாமல் செய்யச் சொன்னார்கள். ரோசம்மாள் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்து, எண்ணெய் கூடுதலாகக் கலந்த இளக்கமான ரப்பரை மேலே போர்த்தினாள். "கெட்டியாத்தான்டா போட்டிருக்கேன்" என்று தம்பியிடம் சொன்னாள். கேமரா கிட்டே போனபோது, பட்ட இடத்தில் முதுகுக்குப் பதில் லத்தி அமுங்கியது தெரிந்தது. ஷூட்டிங் நின்றது. அக்கா வேலை அது என்று எல்லாரும் பென்னியைப் பார்த்தார்கள்.

இது மூன்றாவது. சினிமா கம்பெனி பைக்கில் வந்து வாங்கிக்கொண்டு போக அவனையே அனுப்பியிருந்தார்கள்.

"இன்னாக்கா, முடிஞ்சுதா?"

அவள் நீட்டினாள். பென்னி நகத்தால் அழுத்தினான். முகம் மாறியது.

"மறுபடியும் பஞ்சு மாதிரி போட்டுகீற."

"சூட்ல அப்டித்தான்டா இருக்கும். ஆறினா கெட்டியாயிடும்."

"போன தபாவும் கெட்டின்னுதான் சொன்ன."

"போன தபா பொய் சொன்னேன். இப்ப சத்தியமா நெஜம்."

"நானுந்தான் ஸ்டேஷன்ல நெஜத்த சொன்னேன். நம்புனானா?"

"தண்ணித் தொட்டில போட்டுக் காட்டுறேன், நீயே பாரு."

"தண்ணி பட்டா பெயிண்ட் புடிக்காதுன்னு நீதான சொன்ன? அங்க பெயிண்டர் பிரஷோட நின்னுகினு கீறான்."

மேஜையிலிருந்து துளசிராமன் குரல் கொடுத்தார். "ரோசம்மா, அடி வாங்கப் போறவன் அவன், அவனே கேக்குறான். உனக்கின்னா? கார்பன் இன்னும் ரெண்டு கை போட்டுக் குடுத்து அனுப்பு. எளாவூர்ல லாரிக்காரன் புஷ்ஷுக்குக் காத்துக்கினு கீறான்."

"இதுவும் வளைஞ்சா நெஜ லத்தியே எடுத்துக்கலாம்னு ஹீரோ சொல்டாரு" என்றான் பென்னி. "இல்லன்னா என்னத் தூக்கிட்டு பெரியபாளையத்து ஆளு ஒருத்தனப் போடுவாங்க."

"அவன் வாங்கிக்கட்டுமேடா!"

"உனக்குப் புரியலக்கா. அன்னிக்கி நான் அடி வாங்கினத ஒருத்தனும் பாக்கல. குடிச்சிட்டு வுழுந்தான்னாங்க. இத ஊரே டிக்கெட் வாங்கிப் பாக்கும்."

ரோசம்மாள் புது ரப்பரை உருளையில் கொடுத்து, அதை இறுக்கும் கார்பன் கரும்பொடியை இரண்டு கை கூடுதலாகத் தூவினாள். எண்ணெய் டப்பாவைத் தொடவில்லை. அச்சை நிரப்பி பிரஸ்ஸை மூடினாள்.

வேகும் வரை பென்னி பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான்.

"அவரு தங்கமான மனுசன்க்கா. ஒவ்வொரு அடிக்கும் சாரி பிரதர்னு சொல்றாரு. நேத்து என்னத் தனியா கூப்ட்டு, உன்ன எப்டி அடிச்சாங்க, எங்கருந்து ஆரம்பிச்சாங்கன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"உள்ளங்கால்லருந்துன்னு சொன்னேன். படுத்தும் காட்னேன். சட்டுனு கத்துக்கினாரு."

பிரஸ் திறந்தது. பிசிறு வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தது. பிளேடு இரண்டு முறை வழுக்கியது. நகத்துக்கு அரைப் பள்ளம் விழுந்தது. சூட்டிலேயே அரைப் பள்ளம்.

பென்னி வாங்கித் தன் தொடையில் ஓங்கிப் போட்டுக்கொண்டான். உதட்டைக் கடித்தான். பிறகு சிரித்தான்.

"இப்ப கரெக்டு. இவ்ளோதான், தாங்கிக்குவேன்."

இவ்வளவு மட்டும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். செட்டுக்குப் போய், பெயிண்ட் காய்ந்து, லைட் போட்டு முடிப்பதற்குள் இது கட்டையாகிவிடும்.

"காலுக்கு வேணாம்னு சொல்லுடா. தொடையோட நிறுத்தச் சொல்லு."

"சும்மா பேஜார் பண்ணாதக்கா. பேப்பர்ல சுத்திக் குடு. பைபாஸ்ல போலீஸ் நின்னா இன்னாடா இதுன்னு புடிச்சிக்குவான்."

லத்தியைப் பழைய செய்தித்தாளில் உருட்டி, இரண்டு முனையிலும் சணல் போட்டு முடிந்தாள். சூடு காகிதத்தைத் தாண்டி வந்தது. துணியை மறுபடி விரல்களில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைத் தூக்கித் தம்பியிடம் கொடுத்தாள்.