தமிழ்ப் பலகையைப் பார்த்து இங்கிலீஷில் படித்தவன்

ஒன்றுகூடிச் செபிக்கிற நம் அன்பியத்துக் குடும்பங்களுக்கு சூசை எழுதிக்கொள்வது. போன வாரம் செபக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லப் பார்த்தேன். முதல் வரியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். வாசிக்கிறவர்கள் எதையும் விடாமல் வாசிக்கவும், நான் திட்டியிருக்கிற இடத்தையும் சேர்த்து.

என் வலது கண்ணில் பார்வை போய்விட்டது. அது திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் செபம் கேட்கப்பட்டது என்றுதான் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். யார் செபம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் பதினெட்டு வருடம் கிரேன் ஓட்டினேன். மேலே கேபினில் நான், கீழே கை காட்டுகிறவன் அருள்தாஸ். பெட்டியை எங்கே இறக்குவது, எப்போது நிறுத்துவது என்று அவன் கைதான் எனக்குச் சொல்லும். இருவரும் ராயபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் அவன். என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவனும் அவன்தான்.

போன தவக்காலத்தில் ஒரு நாள் இடது கண்ணில் தூசி விழுந்தது. கசக்கிக்கொண்டே வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். யார்டைக் காணோம். நடுவில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது, சுற்றிலும் ஒன்றும் இல்லை. வலித்ததில்லை, சிவந்ததில்லை, ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் கண் என்னைக் கைவிட்டிருந்தது. முதல் துரோகம் அது. 

டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கண் போன கிரேன் டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? யார்டு முதலுதவி அறையில் வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை நடக்கும். சுவரில் மாட்டியிருக்கும் இங்கிலீஷ் எழுத்துப் பலகையைப் படிக்க வேண்டும். எத்தனையோ வருடமாக ஒரே பலகை, எங்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். டீ குடிக்கிற இடத்தில் ஒருவன் முதல் வரியைத் தொடங்கினால் இன்னொருவன் அடுத்த வரியைச் சொல்வான், செபமாலை சொல்வதுபோல மாற்றி மாற்றி. புதிதாக வருகிற டிரைவருக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே அதைத்தான். சிரித்துக்கொண்டே செய்த தப்பு.

ஈஸ்டர் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அருள் வலது பக்கமிருந்து நிறுத்தச் சொல்லிக் கை தூக்கியிருக்கிறான். நான் பார்க்கவில்லை. அவன் தாவி விலகினான். அவன் நின்ற இடத்தில் பெட்டி உட்கார்ந்தது.

“இன்னா மாமு, கை தூக்கினேனே, பாக்கலையா?” என்றான்.

“வெயிலு கண்ல அட்ச்சிச்சுடா” என்றேன்.

அவன் நம்பவில்லை. அன்று சாயங்காலம் அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துப்போய் உண்மையைச் சொன்னேன். சுருபத்தின் பாதத்தில் அவன் கையை வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். மறுநாளிலிருந்து அவன் எனக்கு இடது பக்கமாகவே நின்று கை காட்டினான். இப்படி ஒரு தோஸ்து யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தேன்.

அந்தோணியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நோன்பு இருந்தேன். என் வேண்டுதலை வெட்கத்தோடு எழுதுகிறேன். கண்ணைக் குணமாக்கு என்று நான் கேட்கவில்லை. “யாருக்கும் தெரியக் கூடாது, பரிசோதனையில் தேறிவிட வேண்டும்” என்றுதான் கேட்டேன்.

பதின்மூன்றாவது செவ்வாய்க்கு மறுநாள் பரிசோதனை. கண் ஆஸ்பத்திரியிலிருந்து நந்தினி என்ற பெண் வந்திருந்தாள். எழுத்துப் பலகையைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் அப்படி மூடியதில்லை, ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை. அவள் என் இடது கண்ணை மறைத்துவிட்டு, பிறகு துணியை எடுத்தாள். வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அதில் கறுப்பாகக் கொஞ்சம் அழுக்கு. அது போதும் என்று கணீர்க் குரலில் ஆரம்பித்தேன். டி, எல், பி, ஓ, எஃப். மூன்று வரி முடித்தேன்.

“அண்ணே,” என்றாள் அந்தப் பெண், மெதுவாக. “இந்த போர்டுல கீறது தமிழ் எழுத்துண்ணே.”

 திரும்பினேன். வாசலில் பாதுகாப்பு அதிகாரி நின்றிருந்தார். அவர் பக்கத்தில் அருள், தரையைப் பார்த்துக்கொண்டு. பலகை எப்படி மாறியது என்று புரிந்தது.

வெளியே இழுத்துவந்து அவன் சட்டையைப் பிடித்தேன். “அந்தோணியார் காலத் தொட்டியேடா. நீயெல்லாம் ஒரு மனுசனா?”

“தொட்டேன் மாமு, இல்லன்னு சொல்லல. அடுத்த வாரம் என்னை வேற ஷிஃப்டுக்கு மாத்துறானுங்க. நான்னா லெஃப்டுல நின்னுப்பேன். வேற எவனாவது வந்து ரைட்டுல நின்னா? உன் கண்ணு கதை அவனுக்குத் தெரியுமா?”

 அவன் சொன்னது சரி என்பதாலேயே கோபம் இரட்டிப்பானது. அதோடு அவனிடம் பேச்சை விட்டேன். ஞானத்தகப்பனைப் பார்க்க என் மகள் போவதையும் தடுத்தேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி மேரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “பதிமூணு செவ்வா நோம்பு இருந்தேன். அந்தோணியாரும் சேந்து கவுத்துட்டாரு.”

“அவரை ஏன் திட்ற? கேட்டுகினது நான்தான்” என்றாள் அவள். “வலது பக்கம் வச்ச டம்ளரெல்லாம் தட்டி வுட்டுகினு கீற. கேட்டா மூஞ்சத் திருப்பிக்கிற. அதான் கண்ணப் பாத்துக்குற புனித லூசியம்மா கிட்ட, இந்த ஆளு மறைக்கிறது இன்னாவா இருந்தாலும் வெளிய வரட்டும்னு வேண்டிகினேன்.”

ஒரே வீட்டிலிருந்து இரண்டு வேண்டுதல் போயிருக்கிறது, அவளுடையதுதான் மேலே சேர்ந்திருக்கிறது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று கண், நண்பன், மனைவி, புனிதர் எல்லாரும் ஒன்றுகூடி என் கழுத்தை அறுத்ததாகத்தான் நினைத்தேன். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மேரிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அங்கே ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். அங்கேயும் நான் திருந்தவில்லை. தெரிந்ததோ இல்லையோ, அமுக்கிக்கொண்டே இருந்தேன். அதே நந்தினி இயந்திரத்தை நிறுத்தினாள்.

“லைட்டே வராதப்பவும் அமுக்குறீங்கண்ணே. மெஷினு காட்டிக் குடுத்துடும். எங்க நைனாவும் இப்டித்தான், ஆட்டோ போய்டும்னு மறைச்சு மறைச்சு ரெண்டு கண்ணும் போச்சு. அதனாலதான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க.”

மறுபடி தொடங்கினாள். தெரியாதபோது விரலை எடுத்தேன். அமுக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டம். வலது கண்ணின் முறை வந்தபோது வெகுநேரம் விரல் சும்மாவே இருந்தது. இயந்திரத்துக்குள் முகத்தை வைத்தபடியே அழுதேன். சாமியாரிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட நான் அப்படி உண்மை பேசியதில்லை.

கிளாக்கோமா என்றார் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பைச் சத்தமில்லாமல் அரித்துவிடுமாம். வலது முடிந்த கதை. இடதிலும் ஓரத்தில் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார். தினமும் சொட்டு மருந்து விடுகிறேன், அழுத்தம் இறங்கியிருக்கிறது, இடது கண் நிற்கிறது. கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம் என்றதால் என் தம்பியை அழைத்துப்போனேன். அவனுக்கு ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். ஆண்டவருக்கு நன்றி. லூசியம்மாளுக்கு நன்றி. மேரிக்கும் நன்றி, ஆனால் அவளிடம் இதை வாசிக்க வேண்டாம்.

கிரேனிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். இப்போது யார்டு ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். கிரேன் சத்தம் கேட்டால் இன்றும் வயிறு எரிகிறது. அருள் செய்தது துரோகம்தான், அதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன். அந்தத் துரோகத்தின் வழியாகத்தான் ஆண்டவர் என்னிடம் வந்தார் என்பதையும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

போன ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரம் மேரி என் விலாவில் இடித்தாள். “ரைட்டுல திரும்பிப் பாரு. எவ்ளோ நேரமா கும்பிட்டுகினே நிக்கிறாரு.” தலையை முழுதாகத் திருப்பினால்தான் எனக்கு அந்தப் பக்கம் தெரியும். திருப்பினேன். அருள் நின்றிருந்தான். பதினெட்டு வருடம் நான் நம்பிப் பெட்டி இறக்கிய கை அது. கூப்பியிருந்ததைப் பிரித்து என் கைக்குள் பிடித்துக்கொண்டேன். 

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை வாசித்து முடித்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டிலிருக்கும் சுருபத்தைப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டாலும், நாற்பது தாண்டியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். தெரிந்தால் பயப்படாமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள், கூட இருக்கிற ஒருவரிடமும் சொல்லுங்கள். அவரிடம் சத்தியம் மட்டும் வாங்காதீர்கள்.